ஒண்ணா எண்டு சொல்லுறவனைத் தேடு மனே

ஆக, நீ பிள்ளை எடுத்து வளக்கப் போறாய். நல்ல விசியம் மனே. கலியாணம் கட்டல்ல. கட்டுற யோசினையும் இல்ல. கைநிறையச் சம்பளம், சொந்தமா வீடு. வேலையால வந்தா ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்ல. ஒரு பிள்ளைக்குச் சோறு குடுத்து, படிப்பிச்சு, ஆளாக்க ஆசைப்படுறாய். இதுல நான் என்ன குத்தம் பிடிக்க?

நீ ஏஜென்சி தேடுற சீரைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வருது. அஞ்சு நட்சத்திரம் போட்டிரிக்காம். முகப்புல ஒரு வெள்ளைக்காரப் பொம்புளை கறுத்தக் குழந்தையொண்டைத் தூக்கி வெச்சுக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாவாம். கிழமைக்கு ஒருக்கா சூம்ல வகுப்பாம். அதுக்கு ஒரு ஆலோசகராம், அந்த ஆலோசகருக்குத் தனியாக் காசாம். பிள்ளை வரமுந்தியே அறைக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு, தொட்டில் வாங்கி, படம் பிடிச்சு இன்ஸ்டாகிராமில போட்டிட்டாய். நாநூறு பேர் இதயம் அனுப்பியிரிக்கானுகள். பிள்ளை எங்க கா? அதுட தாய் ஆரு? "அதெல்லாம் ஏஜென்சி பாத்துக்கொள்ளும் மூத்தப்பா" எண்டுறாய். அங்கதான் எனக்கு வயித்தில புளியைக் கரைக்குது.

உன்னட்ட ஒரு கேள்வி. அந்த ஏஜென்சி எப்பயாவது உனக்கு "ஒண்ணா" எண்டு சொன்னதா? தனி ஆளா? பரவாயில்ல. நாப்பது வயசு தாண்டிட்டா? பரவாயில்ல. கைக்குழந்தைதான் வேணுமா? அதுக்கென்ன, பாப்பம். மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளையா இரிந்தா நல்லமா? தாராளமா! இப்பிடி எல்லாத்துக்கும் தலையாட்டுறவனை நான் விதானை வேலை பாத்த காலத்தில கனபேரைக் கண்டிரிக்கன். கடுதாசிக் கட்டோட வருவானுகள். எல்லாம் சரியா இரிக்கும். ஒரு பிழை இரிக்காது. பிழையே இல்லாத கடுதாசியைக் கண்டா நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைச்சுப்போட்டு மறுகா ஒருக்கா வாசிப்பன்.

முதல்ல நம்மட நாட்டுச் சட்டத்தைக் கேளு. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன்ட காலத்தில எழுதினது. எடுக்கிறவருக்கு 25 வயசாவது ஆகியிரிக்கவேணும். பிள்ளையைவிட 21 வயசாவது மூப்பா இரிக்கவேணும். பிள்ளை பத்து வயசு தாண்டினதெண்டா அதுட வாயாலயும் சம்மதம் கேக்கவேணும். தனி ஆம்புளை ஒருத்தன் பொம்புளைப் பிள்ளையை எடுக்கப் போனா, விசேச காரணம் இல்லாமக் கோடு விடாது. நாட்டுக்குள்ள குடியிரிக்கிற தனிப் பொம்புளை கேக்கலாம், அதுக்குத் தடையில்ல.

நீ நாட்டுக்குள்ளயா இரிக்காய்? உன்ட பாஸ்போட்டுட நிறம் மாறிப்போச்சே மனே. வெளிநாட்டாருக்கு 1992 இல வேற கதவு வெச்சானுகள். புருசனும் பெண்சாதியுமா வரவேணும். ரெண்டு பேரும் இஞ்ச வந்து கோட்டில நிக்கவேணும். பிள்ளையைக் காட்டுறது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர்ட திணைக்களம். ஏஜென்சிக்காரன் இல்ல, அப்புக்காத்து இல்ல, சாமியார் இல்ல, நல்லது செய்யிறதெண்டு வேன்ல திரியிற அண்ணாச்சியும் இல்ல. பிள்ளையும் அரசாங்க இல்லத்தில இருந்தோ பதிஞ்ச இல்லத்தில இருந்தோதான் வரவேணும்.

இப்ப யோசி. கனடாவிலயோ லண்டன்லயோ இரிக்கிற கலியாணம் கட்டாத உனக்கு மட்டக்களப்பில இருந்து பிள்ளை எடுத்துத் தாறன் எண்டு ஒருத்தன் சொன்னா, ஒண்டில் அவனுக்குச் சட்டம் தெரியாது. இல்லாட்டி நல்லாத் தெரியும். ரெண்டாவது ஆள்தான் பொல்லாதவன்.

"சட்டம் கிடக்கட்டும் மூத்தப்பா, மனசுதான் பெரிசு" எண்டு நீ சொல்லுவாய். இந்த வசனத்தை உன்னப்போல நல்ல சனம் முந்தியும் சொன்னது. சொன்னதால என்ன நடந்ததெண்டு கேக்கிறியா?

எழுபதுகளிலயும் எண்பதுகளிலயும் இந்த நாட்டில இருந்து பிள்ளையள் ஐரோப்பாவுக்குப் போச்சுதுகள். ஒண்டு ரெண்டு இல்ல, 11,000 அளவில எண்டு 2017 இல ஒல்லாந்து தொலைக்காட்சி ஒண்டு சொன்னது. செம்ப்ளா எண்ட நிகழ்ச்சி. அதுல 4,000 பிள்ளையள் மட்டில ஒல்லாந்துக்கு மட்டும். பிள்ளை எடுக்க வாறவர் ஹோட்டல்ல தங்குவார், கொஞ்ச நாள் கடல்ல குளிப்பார், குழந்தையோட பிளேன் ஏறுவார். அவர் கெட்டவரா? இல்ல மனே, உன்னப்போல நல்லவர். தொட்டிலும் வாங்கி வெச்சிரிப்பார். இஞ்சால என்ன நடந்தது? குழந்தை செத்துப்போச்செண்டு தாய்மாருக்குச் சொன்ன ஆசுபத்திரிக் கதையள் இரிக்கு. கர்ப்பிணிப் பொம்புளையளைச் சேத்து வெச்சு, பெறப் பெற வித்த வீடுகள் இரிந்திச்சு. 'பேபி ஃபாம்' எண்டு பேப்பர்க்காரனுகள் எழுதினானுகள். 1987 இல அரசாங்கம் வெளிநாட்டுத் தத்தைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டியே வெச்சது. மறுகா முப்பது வருசம் கழிச்சு, அந்த ஒல்லாந்து நிகழ்ச்சியில சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன வாயால ஒத்துக்கொண்டார், ஓம், அப்பிடிப் பண்ணையள் இரிந்ததுதான் எண்டு.

அதுல ஒரு விசியம்தான் எனக்கு இண்டைக்கும் நெஞ்சில குத்துறது. தாய் வேசம். நீ கூத்துப் பாத்திரிப்பாய். வடமோடியோ தென்மோடியோ, ஒருத்தன் ராவைக்கு முகத்துக்கு அரிதாரம் பூசி, சேலை உடுத்து, திரௌபதையா வந்து அழுவான். சனமும் அழும். விடியக்குள்ள அரிதாரத்தைத் துடைச்சுப்போட்டு வயலுக்குப் போயிடுவான். அதேதான் கோட்டிலயும் நடந்தது. நீதிபதிக்கு முன்னால ஒரு பொம்புளை வந்து நிப்பாள். "இது நான் பெத்த பிள்ளை, குடுக்க எனக்குச் சம்மதம்" எண்டு சொல்லுவாள். அவளுக்குச் சொல்லிக்குடுத்த அண்ணாவியார் வெளியில நிப்பார். வசனம் முடிஞ்சா கையில காசு. அவள் வீட்ட போயிடுவாள். கூத்தில அரிதாரம் துடைச்சாத் துடைச்சதுதான். கோட்டில அப்பிடியில்ல, அவள்ட பேர் கடுதாசியில தாய் எண்டு நிண்டிடும். நாப்பது வருசத்துக்குப் பிறகு ஆம்ஸ்ரடாமில இருந்து ஒரு நடுத்தர வயசு மனிசன் அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டு, ஒரு தமிழும் தெரியாம ஒரு சிங்களமும் தெரியாம, படலையைத் தட்டுவார். உள்ளுக்க இருந்து கிழவி வந்து பாத்துப்போட்டு, "நான் இல்ல தம்பி" எண்டுவாள். அவருக்கு இதுக்குப் பிறகு தேட ஒரு பேர்கூட மிச்சமில்ல.

இதெல்லாம் நடக்கக்குள்ள நடுவில நிண்டது ஆரு? நல்ல பேரெடுத்த ஏஜென்சியள். நட்சத்திரம் போடுற வழக்கம் அப்ப இல்ல. இரிந்திரிந்தா அஞ்சும் கிடைச்சிரிக்கும்.

அடிபட்டவனுக்குத்தான் கம்பு தெரியும். 1993 இல ஹேக் பட்டணத்தில தத்துக்கெண்டு ஒரு சாசனம் எழுதினானுகள். அதை உறுதிப்படுத்தின முதல் மூண்டு நாடு எதெது தெரியுமா? மெக்சிக்கோ, ருமேனியா, நம்மட இலங்கை. மூண்டாவதா நாங்க உறுதிப்படுத்தின பிறகுதான், 1995 மே முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. வேற எதில நாங்க முதல் மூண்டுக்குள்ள வந்தோம், சொல்லு பாப்பம்? இன்னொரு பகிடி கேளு. அந்த ஹேக் பட்டணம் இரிக்கிறதே ஒல்லாந்தில. அவனுகள்தான் 2021 இல தங்கட பழைய கோப்புகளைத் தோண்டிப் பாத்து, வெக்கப்பட்டு, வெளிநாட்டுத் தத்தை நிப்பாட்டி, கொஞ்சம் திறந்து, 2024 மே மாசம் இனிப் புதுசா ஆரையும் எடுக்கிறதில்ல எண்டு அறிவிச்சிட்டானுகள். சுவிஸ் அரசாங்கமும் இலங்கைப் பிள்ளையள்ட விசியத்தில பிழை விட்டிட்டம் எண்டு 2020 இல வருத்தம் சொன்னது. சீனாக்காரன் முப்பது வருசமாக் கதவு திறந்து வெச்சிரிந்தவன், ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பிள்ளையளுக்கு மேல வெளிய அனுப்பினவன், 2024 இல சாத்திட்டான். எத்தியோப்பியா 2018 இலயே சாத்திட்டுது. உலகம் கதவைச் சாத்திக்கொண்டு வரக்குள்ள, உன்ட ஏஜென்சிக்கு மட்டும் எந்த யன்னல் திறந்து கிடக்கு? கேட்டியா நீ?

"அது பழைய கதை மூத்தப்பா, இப்ப எல்லாம் திருந்திட்டு." ஓமோம், திருந்திட்டு. 2020 டிசம்பரில மொறட்டுவையில, கர்ப்பிணிப் பொம்புளையளை வீடெடுத்து வெச்சு, பிறந்த குழந்தையளை இன்ரநெற்றில வித்தானெண்டு ஒருத்தனைப் பொலிஸ் பிடிச்சது. முந்தி ஆசுபத்திரி வாசல்ல நிண்டவன் இப்ப உன்ட போனுக்க நிக்கான்.

சரி, கோபிக்காத. சுறுக்கா வேலை முடிச்சுத் தாறம், ரெண்டு மூண்டு மாசத்தில பிள்ளை உன்ட கையில எண்டு உன்னட்டச் சொன்னானுகள் எல்லா? அப்ப இஞ்ச நம்மட கரையில நடந்த ஒண்டைச் சொல்லுறன்.

2004 டிசம்பர் 26. கடல் வந்த நாள். கல்முனையில இடிபாட்டுக்கும் சேத்துக்கும் நடுவில ஒரு கைக்குழந்தை உயிரோட கிடந்தது. ஆசுபத்திரியில அண்டைக்குச் சேத்த 81 ஆவது ஆள் எண்டதால '81 ஆம் இலக்கக் குழந்தை' எண்டு பேர் வந்திட்டுது. என்ட பிள்ளை, என்ட பிள்ளை எண்டு ஒம்பது சோடி வந்ததெண்டு உலகப் பேப்பரெல்லாம் எழுதிச்சு. கோட்டுக்கு வந்து உரிமை கேட்டது ஒரு சோடிதான் எண்டு பிறகு தெரிய வந்தது, அதை ஆரும் பெரிசா எழுதல்ல. பெத்த தாயும் தகப்பனும் அந்த ஒரு சோடிதான். ஆனா பிறப்புச் சாட்சிப் பத்திரம், படம், வீடு எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு. என்னத்தைக் காட்டுவாங்கள்? பிள்ளையைத் தாங்க எண்டு ஆசுபத்திரிக்குள்ள போய்க் குழப்பம் விளைஞ்சு, அதுக்கும் பொலிஸ் பிடிச்சது. நீதவான் அசையல்ல. கொழும்புக்கு டிஎன்ஏ பாக்க அனுப்பினார். முடிவு வந்து, 2005 பெப்ரவரி நடுவிலதான் பிள்ளை தாய்ட கைக்கு வந்தது.

கணக்குப் பாரு. பத்து மாசம் சுமந்து பெத்தவளுக்கு, தன்ட பிள்ளையைத் திருப்பி எடுக்க ஏழு கிழமை. கோடு, பொலிஸ், ரத்தம், கண்ணீர். உனக்கு ஆரோ பெத்த பிள்ளை, கடல் கடந்து, ரெண்டு மாசத்தில வருதா? அந்தத் தாய் அந்த நீதவானைத் திட்டியிரிப்பாள். நானும் அண்டைக்குத் திட்டினவன்தான். இண்டைக்கு அந்த மனிசன்ட அசையாத தனத்தை நினைக்கக்குள்ள எழும்பி நிண்டு கும்பிடலாம்போல இரிக்கு.

கடல் வந்த கையோட, அனாதைப் பிள்ளையளை எடுக்கிறம் எண்டு உலகமெல்லாம் இருந்து நல்ல சனம் கேட்டதும் உனக்குத் தெரிஞ்சிரிக்காது. அரசாங்கம் அந்தப் பிள்ளையள்ட தத்தை நிப்பாட்டி வெச்சது. கல்நெஞ்சு எண்டு ஏசினவங்களும் இரிக்காங்கள். ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் மாமி எங்கயோ, அம்மம்மா எங்கயோ, முகாம் முகாமாத் தேடிக்கொண்டு திரிஞ்சது எங்களுக்குத் தெரியும். காணாமப் போனதும் அனாதையும் ஒண்டா?

இல்லத்தில இரிக்கிற பிள்ளையெல்லாம் அனாதை எண்டு நினைக்கிறியே, அதுவும் பிழைதான். மட்டக்களப்பில இல்லங்களுக்குப் பஞ்சமில்ல. சண்டையும் கடலும் மாறி மாறித் திறந்து வெச்சது. உள்ளுக்க போய்க் கேட்டுப் பாரு. தாயோ தகப்பனோ உயிரோட இரிக்கிற பிள்ளையள்தான் கூட. தாய் குவைத்தில வீட்டு வேலை. தகப்பன் குடி, இல்லாட்டி வேற குடும்பம். பள்ளிக்கூடமும் மூண்டு நேரச் சாப்பாடும் கிடைக்குமெண்டு கொண்டு வந்து விட்டிரிப்பாள் அம்மம்மா. ஞாயிற்றுக்கிழமையில வந்து பாப்பாள். கையில பனங்கிழங்கு இரிக்கும். அந்தப் பிள்ளையைக் காட்டி உன்னட்டக் காசு கேக்கிறவன், அம்மம்மாவைப் பத்தி உனக்குச் சொல்லுவானா?

இனி உன்ட தனிமை விசியத்துக்கு வாறன். உன்ட மாமிமார் என்ன பறையிறாளுகள் எண்டு எனக்கும் காதில விழுந்தது. "புருசனில்லாத பொம்புளைக்குப் பிள்ளையா? ஊர் என்ன சொல்லும்?" எண்டு. ஊரா? இந்த ஊரா? இஞ்ச வீடு ஆருக்குக் குடுக்கிறது? பொம்புளைப் பிள்ளைக்கு. குடி எப்பிடி இறங்குது? தாய் வழியா. கோயில்ல உன்ட குடி என்னெண்டு கேட்டா நீ அப்பன்ட குடியையா சொல்லுவாய்? கலியாணம் கட்டினவன் மூட்டை முடிச்சோட பெண்சாதி வீட்ட வந்து இரிக்கிற தேசத்தில இருந்துகொண்டு, ஆம்புளை இல்லாம வீடு நிக்காதெண்டு கதைக்கிறாளுகள். 2010 இல காத்தான்குடி ஹிஸ்புல்லா, அப்ப பிரதி அமைச்சர், சண்டையில புருசனை இழந்தவங்கட கணக்கு ஒண்டு சொன்னார். கிழக்கில மட்டும் 49,000. அந்த வீட்டுப் பிள்ளையளையெல்லாம் ஆரு வளத்தது? இடியப்பம் அவிச்சு, ஓலை பின்னி, றால் பண்ணையில கூலிக்கு நிண்டு, ஒத்தைப் பொம்புளையாத்தான் வளத்தாளுகள். அதுகள்ல சிலது இப்ப டொக்டர். மாமிமாருக்கு இதை நான் சொன்னதாச் சொல்லு. எங்கிட்ட வந்து கதைக்கட்டும்.

ஆனா மாமிமார்ட வாய்க்குப் பயந்து ஓடி, ஏஜென்சிக்காரன்ட தேன் வாயில விழுந்திடாத. அவன் "சிங்கிள் பேரன்ற் வெல்கம்" எண்டு பெரிய எழுத்தில போடுவான். எந்த நாட்டுக்கு வெல்கம்? ஏஜென்சிட மனசு இஞ்ச கணக்கில்ல, பிள்ளை பிறந்த நாட்டுச் சட்டந்தான் கணக்கு. இலங்கை ஒண்ணா. இந்தியாவில ஒரு வாசல் இரிக்கு. அங்க 'காரா' எண்டு மத்திய அரசாங்கத்தின்ட ஆணையம் ஒண்டு, எல்லாம் அதுட கைக்குள்ள. தனிப் பொம்புளை ஆம்புளைப் பிள்ளையும் எடுக்கலாம், பொம்புளைப் பிள்ளையும் எடுக்கலாம். தனி ஆம்புளைக்குப் பொம்புளைப் பிள்ளை ஒண்ணா. பம்பாயில சுஷ்மிதா சென், பிரபஞ்ச அழகி, கலியாணம் கட்டாம 2000 ஆம் ஆண்டு ஒரு பொம்புளைப் பிள்ளையை எடுத்தவ. உனக்கு அவவைத் தெரியும், அதுதான் சொன்னன்.

அதுக்காக நாளைக்கே டிக்கெற் போட்டிடாத. அங்கயும் வயசுக் கணக்கு இரிக்கு. 2022 ஒழுங்குவிதிப்படி, ரெண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தனி ஆள் 40 வயசுக்குள்ள இரிக்கவேணும். வயசு கூடக்கூட, பெரிய பிள்ளையைத்தான் கேக்கலாம். வரிசையில முதல்ல உள்ளூர்ச் சனமும் வெளிநாட்டு இந்தியரும். நீ தமிழ் கதைச்சாலும் கடுதாசியில வெளிநாட்டுக்காரி. உன்ட முறை வரக்குள்ள மிஞ்சியிரிக்கிறது கொஞ்சம் வளந்த பிள்ளை, இல்லாட்டி உடம்பில மனசில ஏதும் குறையிரிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு உன்ட மஞ்சள் அறையில இடம் இரிக்கா? உண்மையாச் சொல்லு. கைக்குழந்தைப் படம்தானே செவரில ஒட்டி வெச்சிரிக்காய்?

சரி, நல்ல ஏஜென்சியைக் கண்டுபிடிக்கிறது எப்பிடி எண்டு தொணதொணக்கிறாய். நட்சத்திரத்தைப் பாக்காத. நீ இரிக்கிற நாட்டு அரசாங்கம் ஒரு பட்டியல் வெச்சிரிக்கும், எந்த ஏஜென்சிக்கு அனுமதி, எந்த நாட்டுக்கு அனுமதி எண்டு. ஹேக் சாசனத்தில சேந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மத்திய அதிகாரசபை இரிக்கு, அதுட விலாசம் எல்லாருக்கும் தெரியப் போட்டிரிக்கு. ரெண்டு பக்கமும் அனுமதி வேணும், கேட்டியா? உன்ட நாட்டில பதிஞ்சது மட்டும் போதாது, பிள்ளைட நாடும் இந்த ஏஜென்சி இஞ்ச வேலை செய்யலாமெண்டு ஒத்துக்கொண்டிரிக்கவேணும். முகப்புல ஒட்டியிரிக்கிற முத்திரையை நம்பாம, அந்த அதிகாரசபைக்கு நீயே எழுது. கச்சேரிக்குப் போக அலுப்புப் பட்டு வெளியில நிக்கிற புரோக்கரிட்டக் காசு குடுத்தவனெல்லாம் கடைசியில கச்சேரிக்குத்தான் போனான், அழுதுகொண்டு.

பிள்ளைட படத்தை முதல்ல காட்டுறவனை விட்டு ஓடு. பேர், கண், சிரிப்பு, "உங்களுக்காகவே காத்திரிக்கா" எண்டு ஒரு வரி. இதைப் பாத்தபிறகு உன்ட மூளை வேலை செய்யாதெண்டு அவனுக்குத் தெரியும். சாசனமே சொல்லுது, தாய் பிள்ளை பெத்த பிறகுதான் சம்மதம் குடுக்கலாம், அதுக்குக் காசு கைமாற ஒண்ணா, எடுக்கிறவரும் பெத்தவரும் முன்கூட்டிக் கதைக்க ஒண்ணா எண்டு. அப்ப பிறக்காத பிள்ளையைக் காட்டி முற்பணம் கேக்கிறவன் ஆரு?

காசு விசியத்தில வெக்கப்படாமக் கேளு. எதுக்கு எவ்வளவு, ஆருட கைக்கு, பற்றுச்சீட்டு இரிக்கா? "நன்கொடை" எண்டு ஒரு வரி இரிந்தா அதுல விரலை வெச்சு நில்லு. இல்லத்துக்கு நன்கொடை குடுத்தாத்தான் பிள்ளை எண்டா அது நன்கொடையா? நடுவழியில நாடு கதவைச் சாத்தினா உன்ட காசு என்னவாகும் எண்டும் கேளு. சீனாவில பிள்ளையைப் பொருத்தி வெச்சு, வருசக்கணக்காப் பாத்திரிந்த சனத்துக்குக் கடைசியில கதவுதான் கிடைச்சது. பிள்ளையளுக்கும் அதுதான்.

மறுகா ஒரு கேள்வி, இதைக் கேக்க எல்லாரும் மறக்கிற கேள்வி. முந்தி இவங்களிட்டப் பிள்ளை எடுத்த தனி ஆக்கள் இரிந்தா, அவங்களோட கதைக்க விடுவாங்களா? நல்லா நடந்தவங்களோட மட்டுமில்ல, கரைச்சல் பட்டவங்களோடயும். முகம் கறுத்தா விளங்கிக்கொள். "உங்கட பிள்ளைட தாயைப் பத்தின கோப்பில என்ன இரிக்கு" எண்டு அந்த ஆக்களிட்டக் கேளு. ஒரு பக்கம்தான் இரிக்குதெண்டா, அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கதை, வாசல்ல கிடந்தது, ஆரெண்டு தெரியாது எண்டு இரிந்தா, அந்தக் கோப்பை எழுதினவனுக்குக் கற்பனையும் இல்ல, வெக்கமும் இல்ல.

அப்ப நல்ல ஏஜென்சி எப்பிடி இரிக்கும்? உன்னை அலுப்படிக்கும். வீட்ட வந்து அலுமாரியைத் திறந்து பாக்கிற அம்மா ஒராள் வருவா. நீ வருத்தத்தில விழுந்தா ஆரு பாப்பாங்க, வேலையால வரப் பிந்தினா ஆரு கூட்டி வாறது, நீ செத்துப்போனா ஆருட்டப் பிள்ளை போகும், உன்ட தாய் தகப்பனோட என்ன கோபம், ஏன் கலியாணம் கட்டல்ல எண்டெல்லாம் கேப்பா. உனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். "என்ட தனிப்பட்ட வாழ்க்கை" எண்டு சொல்லுவாய். இதைத்தான் எங்கட கிழவியள் கிணத்தடியில ரெண்டு நிமிசத்தில கேட்டு முடிக்கிறாளுகள், உன்னட்டக் காசும் வாங்காம. ஆரோ பெத்த பிள்ளையைத் தாறதெண்டா கேக்காமத் தாறதா? கேக்காமத் தாறவனுக்கு நீ ஆரெண்டு தெரியத் தேவையில்ல, உன்ட காசு எவ்வளவெண்டு தெரிஞ்சாச் சரி. கேட்டுப்போட்டு அவ "இப்ப ஒண்ணா, ஒரு வருசம் கழிச்சு வாங்க" எண்டு சொல்லிட்டாவெண்டா, அந்த அம்மாட பேரை எழுதி வெச்சுக்கொள்.

இன்னொண்டும் சொல்லுறன், கேட்டாக் கேள். நீ இரிக்கிற ஊரிலயே அரசாங்கத்தின்ட பொறுப்பில பிள்ளையள் இரிக்கு. தனி ஆளெண்டு தள்ளிவைக்க மாட்டானுகள். விமானமும் வேணாம், ஏஜென்சியும் வேணாம். அது உனக்குத் தெரியுந்தானே? தெரிஞ்சும் ஏன் இஞ்ச பாக்கிறாய்? நம்மட நிறம், நம்மட பாசை, படத்தில உன்னப்போல இரிக்கவேணும். விளங்குது. பிழையெண்டும் சொல்லல்ல. ஆனா அந்த ஆசைக்கு இஞ்ச விலை போடத் தெரிஞ்சவங்கள் இரிக்காங்கள், அதை மறக்காத.

சரி, வெயில் ஏறுது. கோயில்ல பிள்ளைட குடி கேட்டா என்ன சொல்லுறதெண்டு நீ இப்பயிருந்தே கவலைப்படவேணாம். அதை நான் வண்ணக்கரோட கதைச்சுக்கொள்ளுறன், அவருக்கு எங்கிட்ட ஒரு பழைய கடமை இரிக்கு. நீ போய் முதல்ல அந்த அஞ்சு நட்சத்திரக்காரனுக்குக் குடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேளு. போன்ல வேணாம், எழுத்தில கேளு. பதிலை எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு, கண்ணாடியைத் துடைச்சு வெச்சிரிக்கன்.